மேடைச் சிரிப்பும் பெட்டிச் சிரிப்பும்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஆற்றிய உரை)



தலைமையாசிரியர் எனக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார். முன் வரிசைப் பிள்ளைகளின் கண்கள் என்மேல் இல்லை. மேசையில் அடுக்கியிருக்கும் பரிசுப் பொட்டலங்கள்மேல் இருக்கின்றன. அது நியாயந்தான். ஆனாலும் இன்று நான் பேசப் போவது பாடப் புத்தகத்து விஷயமல்ல. நாம் எல்லோரும் சேர்ந்து சிரித்த ஒரு நாடகத்தைப் பற்றியும், அதே நாடகத்தை டிவிப் பெட்டியில் பார்த்தபோது நம்மில் பாதிப்பேர் ஏன் சிரிக்கவில்லை என்பதைப் பற்றியும் பேசப் போகிறேன்.

சென்ற மாரியம்மன் திருவிழாவில், நம் பள்ளியில் படித்து வெளியேறிய வாலிபர்கள் 'சபாபதி' நாடகத்தைத் தழுவி ஒரு மணி நேர நாடகம் போட்டார்கள். வசனத்தைச் சுருக்கியும் சில காட்சிகளைப் புதிதாகச் சேர்த்தும் எழுதிக் கொடுத்தவன் நான். ஆகவே வந்த பாராட்டில் எனக்கும் பங்குண்டு. பிறகு வந்த வசவில் பெரும்பங்கு எனக்குத்தான்.

'சபாபதி'யை எழுதியவர் பம்மல் சம்பந்த முதலியார். 1873இல் பிறந்து 1964இல் மறைந்தவர். வக்கீலாக இருந்து நீதிபதியானவர். 1891இல், பதினெட்டு வயதில், சென்னையில் நண்பர்களோடு சேர்ந்து சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் நாடகக்காரன் என்றால் வீட்டுத் திண்ணையில்கூட உட்கார வைக்கமாட்டார்கள். அப்படிப்பட்ட மேடையில் படித்தவர்களையும் உத்தியோகத்தில் இருப்பவர்களையும் ஏற்றிக் காட்டியவர் அவர். விடிய விடிய நடந்த கூத்தை இத்தனை மணிக்குத் தொடக்கம், இத்தனை மணிக்கு முடிவு என்று கட்டுக்குள் கொண்டு வந்தார். பாட்டைக் குறைத்துப் பேச்சைக் கூட்டினார். தொண்ணூறுக்கு மேற்பட்ட நாடகங்கள் எழுதினார். 1959இல் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது கொடுத்தது.

மாணவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஷேக்ஸ்பியர் நாடகங்களைத் தமிழுக்குக் கொண்டு வந்தபோது அவர் செய்த வேடிக்கையைப் பாருங்கள். ஹாம்லெட் 'அமலாதித்யன்' ஆனான். மாக்பெத் 'மகபதி' ஆனான். சிம்பலின் 'சிம்ஹளநாதன்'. வெனிஸ் நகரம் 'வாணீபுரம்'. காதில் பழைய ஓசையும் கேட்கிறது. ஆள் மட்டும் நம்ம ஊர் ஆளாகிவிட்டான். ஒரு நாடகத்தை இன்னோர் இடத்துக்குப் பெயர்த்து நடுவது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. நாற்றைப் பிடுங்கும்போது வேரோடு கொஞ்சம் தாய் மண்ணும் வர வேண்டும். நட்ட பிறகு புது மண்ணில் பிடிக்கவும் வேண்டும். தோட்டத்தில் கன்று நட்டவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

'சபாபதி' கதை பெரியவர்களுக்குத் தெரியும். பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். பணக்கார வீட்டுப் பையன் சபாபதி. படிப்பில் மண்டு. அவன் வீட்டு வேலைக்காரன் பெயரும் சபாபதி. எஜமான் சொன்னதைச் சொன்ன மாதிரியே செய்து காரியத்தைக் கெடுத்துவிட்டு வந்து நிற்பான். பள்ளிக்கூடத்தில் ஒரு தமிழ்ப் பண்டிதர், பையன்களிடம் படாத பாடு படுவார். (இந்த இடத்தில் எங்கள் ஆசிரியர்கள் யாரும் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தேன்.) எஜமான் சபாபதிக்குப் படித்த பெண்ணாகச் சிவகாமி வாய்க்கிறாள். பரீட்சையில் தோற்றுப்போன கணவனுக்கு அவளே பாடம் சொல்லிக் கொடுத்துத் தேற வைக்கிறாள். ஒரு பக்கம் இவர்கள் காதல். இன்னொரு பக்கம் வேலைக்காரனுக்கும் வேலைக்காரிக்கும் நடக்கும் காதல்.

இந்தக் கதை 1941 டிசம்பரில் சினிமாவாக வெளிவந்தது. ஏ.வி.மெய்யப்பனும் ஏ.டி.கிருஷ்ணசாமியும் இயக்கினார்கள். டி.ஆர்.ராமச்சந்திரன் எஜமான், காளி என்.ரத்தினம் வேலைக்காரன், சி.டி.ராஜகாந்தம் வேலைக்காரி, கே.சாரங்கபாணி தமிழாசிரியர், சிவகாமியாக பத்மா. அதே டிசம்பர் 8ஆம் தேதிதான் ஜப்பானியர் கோத்தா பாருவில் கரையிறங்கினார்கள். அங்கே சென்னையில் ஜனங்கள் சிரித்துக்கொண்டிருந்தபோது இங்கே நம் பாட்டன் பூட்டன்மார் எப்படி இருந்தார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

காளி ரத்தினம் மேடையில் வளர்ந்தவர். கோவலன் நாடகத்தில் காளி வேஷம் போட்டுப் பெயர் வாங்கியதால் அந்தப் பெயரே முன்னால் ஒட்டிக்கொண்டது. அப்படிப்பட்டவர் காமிராவுக்கு முன்னால் எவ்வளவு அடங்கி நடித்திருக்கிறார் என்று நான் பலமுறை பார்த்து வியந்திருக்கிறேன். முகத்தைக் கோணமாட்டார். தாம் செய்வது சரிதான் என்று நம்புகிறவர் முகம் எப்படி இருக்குமோ அப்படியே இருக்கும். சிரிப்பு நமக்கு வரும், அவருக்கு வராது.

சரி, நம் நாடகத்துக்கு வருவோம். ஒத்திகை தொடங்கிய அன்றே ஒரு தகப்பனார் என்னிடம் வந்தார். "என்னா சார், கோயில் திருவிழாவுல காதல் நாடகமா?" என்று கேட்டார். நான் பயந்துபோய் அவசரப்பட்டு ஒரு காரியம் செய்தேன். மனைவி கணவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதை, அக்கா தம்பிக்குச் சொல்லிக் கொடுப்பதாக மாற்றினேன். அன்று ஒத்திகையில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஏன் சிரிக்க வேண்டும்? அக்கா தம்பிக்குப் பாடம் சொல்வது எல்லா லயத்திலும் நடப்பதுதானே! புது மாப்பிள்ளை, பெண்டாட்டி முன்னால் கையைக் கட்டிக்கொண்டு வாய்பாடு ஒப்பிப்பதில்தான் சிரிப்பும் இருக்கிறது, காதலும் இருக்கிறது. அவன் வெட்கப்படுகிறான்; அவள் அவனை மட்டம் தட்டவில்லை. அவ்வளவுதான் காதல். மறுநாளே பழையபடி மாற்றிவிட்டேன். அந்தத் தகப்பனாரும் திருவிழாவன்று இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து பார்த்தார்.

சுகுண விலாச சபையில் பெண் வேஷத்தையும் ஆண்களே கட்டினார்கள். சம்பந்த முதலியார் கதாநாயகனாக நடிக்கும்போது ரங்கவடிவேலு என்பவர் கதாநாயகியாக நிற்பார். ஆகவே அந்த மேடையில் காதல் என்பது தொட்டுப் பேசுவதல்ல. நாலு முழம் தள்ளி நின்று சொல்லால் நடத்துவது. கோயில் வாசலில் நாடகம் போட நினைத்த எனக்கு அது பெரிய தைரியமாக இருந்தது.

திருவிழா இரவு நடந்தது உங்களுக்குத் தெரியும். திடலில் உட்கார இடமில்லை. நானே எழுதிச் சேர்த்த ஒரு காட்சியில் சிரிப்பு அடங்கவே வெகுநேரம் ஆயிற்று. கல்யாணத்துக்கு முன்னால், எஜமான் சபாபதி அந்தப் பெண்ணுக்கு ஒரு கடிதம் எழுதி வேலைக்காரன் கையில் கொடுக்கிறான். "யார் கண்ணுலயும் படாம கொண்டு போ. அவ கையிலதான் குடுக்கணும். யாரு என்னா கேட்டாலும் வாயைத் தொறக்காதே" என்கிறான். வேலைக்காரன் யோசிக்கிறான். ஒரு சாக்கை எடுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டு, பட்டப்பகலில் நடுத்தெருவில் நடந்து போகிறான். ஊரே வேடிக்கை பார்க்கிறது. பெண்ணின் தகப்பனார் வாசலில் மறித்து, "யாருடா நீ?" என்கிறார். வாயைத் திறக்கக் கூடாதே! நிற்கிறான். ஓர் அறை விழுகிறது. அப்போதும் நிற்கிறான். எஜமான் மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பார்க்கிறான்.

அன்று சாக்குக்குள் இருந்த பையன் அறை வாங்கியபோது திடலே அதிர்ந்தது.

இதைப் படம் பிடித்து மண்டபத்து டிவியில் போட்டுக் காட்ட வேண்டும், வெளியூரில் வேலை செய்யும் பிள்ளைகளும் பார்க்கட்டும் என்று பெற்றோர்கள் சொன்னார்கள். திருவிழாவன்று கூட்டத்துக்குப் பின்னால் ஒரு பையன் கைப்பேசியைக் கம்பில் கட்டிப் பிடித்திருந்தான். போட்டுப் பார்த்தோம். ஆட்கள் எறும்பு மாதிரி தெரிந்தார்கள். சிரிப்புச் சத்தத்தில் வசனம் பாதி முழுகிவிட்டது. முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவர் தொப்பி மட்டும் மிகவும் தெளிவாக விழுந்திருந்தது.

அதனால் ஒரு சனிக்கிழமை நாலாம் வகுப்பறையை ஒதுக்கி, மறுபடி நடித்துப் படம் பிடித்தோம். அதைப் பார்த்தபோது எனக்கே பகீரென்றது. அதே பையன்கள், அதே வசனம். ஆனால் காதல் காட்சி லயத்துச் சண்டை மாதிரி இருந்தது. திடலின் கடைசி ஆள்வரை கேட்க வேண்டும் என்று பழகிய குரல், நாலு அடியில் இருக்கும் காமிராவைப் பார்த்துக் கத்தியது. அதைவிட மோசம், ஒவ்வொரு வேடிக்கை வசனத்துக்கும் பின்னால் நம் பையன்கள் நிறுத்தினார்கள். திருவிழாவன்று அந்த இடத்தில் சிரிப்பு வந்தது, அடங்கும்வரை நின்றார்கள். வகுப்பறையில் யார் சிரிப்பது? வசனத்தைச் சொல்லிவிட்டுப் பிள்ளையார் மாதிரி நின்றார்கள். அந்த இரண்டு நொடி அமைதியைப் போல வேதனை வேறில்லை.

இங்கேதான் நான் ஒன்றைப் புரிந்துகொண்டேன். மேடை நாடகத்தில் பார்க்கிறவனும் ஒரு நடிகன். அவன் சிரிப்பும் நாடகத்தில் ஒரு வசனம். அவனைக் கழற்றிவிட்டுப் பெட்டிக்குள் நாடகத்தை வைத்தால், ஒரு முக்கிய பாத்திரம் வராத நாடகம் மாதிரி நொண்டும்.

இந்தத் தொல்லை நமக்கு மட்டும் வந்ததல்ல. அமெரிக்காவில் 1951இல் தொடங்கிய 'ஐ லவ் லூசி' என்ற கணவன் மனைவி வேடிக்கை நாடகத்தை, ஜனங்களை எதிரே உட்கார வைத்து, மூன்று காமிராவை ஒரே சமயத்தில் ஓடவிட்டுப் படம் பிடித்தார்கள். அந்தச் சிரிப்பும் சேர்ந்தே பதிவாயிற்று. வேறு பலர் அந்தச் செலவு எதற்கென்று, எப்போதோ யாரோ சிரித்த சிரிப்பைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு வேண்டிய இடத்தில் ஒட்டினார்கள். சாடின் மீனை டின்னில் அடைத்து வைத்துத் திறந்து கொட்டுவது மாதிரி! எனக்கு அது பிடிக்காது. நான் சிரிப்பதா வேண்டாமா என்று எனக்கே தெரியும். பெட்டிக்குள் இருக்கிறவர் சொல்ல வேண்டியதில்லை.

லண்டன் பி.பி.சி. வேறு வழி பார்த்தது. 1978 முதல் 1985 வரை ஷேக்ஸ்பியர் நாடகங்கள் 37ஐயும் அவர்கள் தொலைக்காட்சிக்காகத் தயாரித்தார்கள். அதில், அடங்காத பெண்ணை அடக்கும் காதல் நாடகம் ஒன்று 1980இல் வந்தது. ஜோனதன் மில்லர் இயக்கினார். ஜனங்களை வயிறு வலிக்கச் சிரிக்க வைப்பதில் பேர்போன ஜான் கிளீஸ் கதாநாயகன். ஆனால் அவர் அதில் கத்தவில்லை, குதிக்கவில்லை. பெட்டி வீட்டுக்குள் இருக்கிறது, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி பேசினால் போதும் என்று அடங்கி நடித்தார். மூலத்தில் அந்த நாடகம், ஒரு குடிகாரனை ஏமாற்றி அவனுக்கு நடித்துக் காட்டும் நாடகமாகத் தொடங்கும். மேடைக்குள் மேடை. மில்லர் அந்தத் தொடக்கத்தையே வெட்டி எடுத்துவிட்டார். பெரிய நாடகாசிரியர் எழுதியதாயிற்றே என்று பயப்படவில்லை.

அதே நாடகத்தைத் தழுவிய தமிழ்ப் படம் எது தெரியுமா? 1963இல் வந்த 'அறிவாளி'. சிவாஜியும் பானுமதியும் நடித்தது. தங்கவேலு, முத்துலட்சுமிக்குப் பூரி சுடச் சொல்லிக் கொடுப்பாரே, அந்தப் படந்தான்! இயக்கியவர், 'சபாபதி'யை இயக்கிய இருவரில் ஒருவரான அதே ஏ.டி.கிருஷ்ணசாமி. நாம் தீபாவளிதோறும் பார்த்துச் சிரிக்கும் பூரிக்கும் ஷேக்ஸ்பியருக்கும் இப்படி ஒரு தூரத்து உறவு.

பி.பி.சி. எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிடவில்லை. சம்பந்த முதலியார் 'விரும்பிய விதமே' என்று தமிழாக்கிய காட்டுக் காதல் நாடகத்தை, அவர்கள் 1978இல் ஸ்காட்லாந்தில் ஒரு கோட்டையைச் சுற்றியுள்ள நிஜக் காட்டுக்கே போய்ப் படம் பிடித்தார்கள். மேடையில், "இதோ காடு" என்று ஒருவன் சொன்னால் காடு வந்துவிடும். அங்கே வந்த பெண் ஆண் வேஷம் போட்டால் அவள் ஆண். நாம் நம்புவோம். நிஜ மரம், நிஜப் புல், நிஜ வெயிலைக் காட்டிவிட்டால் கண்ணும் நிஜத்தையே கேட்கிறது. மீசையில்லாத இந்தப் பையனைப் பார்த்தால் பெண் என்று தெரியவில்லையா என்று மனசு கேள்வி கேட்கத் தொடங்கிவிடுகிறது. நம் கடிதக் காட்சிக்கு நிஜத் தெருவில் போய்ப் படம் பிடிக்கலாம் என்று பையன்கள் சொன்னபோது நான் இதை நினைத்துத்தான் தடுத்தேன். வகுப்பறைச் சுவரில் ஒரு வேப்பமரம் வரைந்தோம், அதுவே தெருவாயிற்று.

ஆனால் காமிராவால் மேடைக்கு முடியாததும் முடியும். ஆணும் பெண்ணுமான இரட்டையர் கதை ஒன்று ஷேக்ஸ்பியரில் உண்டு. மேடையில் இரண்டு பேரை நிறுத்தி, அச்சாக ஒரே முகம் என்று சொன்னால் நாம் மரியாதைக்குத் தலையாட்ட வேண்டும். 1949இல் ஜூபிடர் பிக்சர்ஸ் அதைக் 'கன்னியின் காதலி' என்று எடுத்தபோது, மாதுரி தேவி ஒருவரே இரண்டு வேஷமும் போட்டார். தந்திரக் காட்சியில் சிக்கல் தீர்ந்தது. கவிஞர் கண்ணதாசன் சினிமாவுக்கு முதல் முதலாகப் பாட்டு எழுதியதும் அந்தப் படத்துக்குத்தான்.

இவற்றையெல்லாம் யோசித்து மூன்றாம் முறை எடுத்தோம். குரலைத் தாழ்த்தச் சொன்னேன். சிரிப்புக்காக நிற்காதே, எதிரில் நிற்பவன் முகத்தைப் பார் என்றேன். ஒருவன் சொல்லி முடித்ததும் காமிரா கேட்டவன் முகத்துக்குப் போகும். திடலில் கூட்டம் சிரித்த இடத்தில், பெட்டியில் அந்த முகம் வந்து நிற்கும். மேடையில் சபையைப் பார்த்துத் தனக்குள் சொல்வதாக உரக்கச் சொல்லும் பக்கப் பேச்சுகளை வெட்டினோம். கண்ணை ஒரு பக்கம் ஓட்டினாலே போதுமாக இருந்தது. காதல் காட்சி நன்றாக வந்துவிட்டது. புது மாப்பிள்ளை வாய்பாட்டை மறந்து விழிக்கிறான்; அவள் சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்து விடையைச் சொல்கிறாள். திடலில் அதை ஒருவரும் பார்த்திருக்கமாட்டார்கள். பெட்டியில் அது அத்தனை அழகாக இருந்தது.

கடிதக் காட்சியிலும் காமிராவைச் சாக்குக்குப் பக்கத்தில் கொண்டு போனோம். பையன் நன்றாக நடித்தான். எனக்கு ஒரே பெருமை.

மண்டபத்தில் போட்டுக் காட்டினோம். வாய்பாட்டுக் காட்சிக்கு எல்லோரும் சிரித்தார்கள். கடிதக் காட்சி வந்தது. சாக்கு, தெரு, வாசல். அறை விழுந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். பெரியவர்களிடமிருந்து சத்தமே இல்லை. திருவிழாவன்று முதல் வரிசையில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவர் தோளில் அடித்து அடித்துச் சிரித்த பாட்டி ஒருவர், பாதியிலேயே எழுந்து வெளியே போய்விட்டார்.

நான் பின்னால் போனேன். "என்னா பாட்டி, உடம்பு சரியில்லையா?" என்றேன்.

"உடம்புக்கு ஒண்ணுமில்ல வாத்தியாரே."

"அன்னிக்கு நல்லாச் சிரிச்சீங்களே பாட்டி, அதே நாடகந்தானே?"

"அன்னிக்கு அவன் தூரத்துல நின்னான். இதுல மூஞ்சி பக்கத்துல வந்துருச்சு" என்றார்.

பிறகு கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார். அவர் தகப்பனார் வெள்ளைக்காரத் துரை பங்களாவில் வேலை செய்தவராம். ஒரு நாள் சாயங்காலம் துரை, நான் வரும்வரை கேட்டுப் பக்கத்திலேயே நில் என்று சொல்லிவிட்டு கிளப்புக்குப் போனாராம். போனவர் மறுநாள் காலையில்தான் வந்தாராம். இராத்திரி முழுக்க மழையாம். "எங்கப்பா நின்னாரு. காலையில வந்த தொரை பாத்துட்டுச் சிரிச்சானாம். மடையன்னா நின்னாரு? நிக்கலன்னா வேல போயிரும்னு நின்னாரு. லயத்த விட்டுத் தொரத்திட்டா புள்ளைங்களோட எங்க போறது?"

எனக்குப் பேச்சு வரவில்லை. நான் எழுதிய காட்சியில், சொன்னதைச் சொன்னபடி செய்கிறவன் முட்டாள். அவர் வீட்டில் அது முட்டாள்தனமல்ல, பயம். திடலில் சாக்குதான் தெரிந்தது, சிரித்தோம். பெட்டியில் சாக்குக்குள் இருந்த முகம் தெரிந்துவிட்டது. வியர்வை ஓடுகிறது, கன்னம் சிவந்திருக்கிறது, வாயைத் திறக்கவில்லை. காமிரா என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்தக் காட்சியையே எடுத்துவிடலாமா என்று பையன்களைக் கேட்டேன். சாக்குக்குள் இருந்தவனே வேண்டாம் என்றான். "சார், அவன் அடி வாங்குறப்ப எஜமான் மரத்துக்குப் பின்னால சும்மாதானே நிக்கிறான்? அவனை வெளிய வரச் சொல்லுங்க சார்" என்றான். நாலு நாள் அதைச் சுற்றியே பேசினோம். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், மூல நாடகத்தின் குணமே கெட்டுவிடும், வேலைக்காரன் வேலைக்காரனாகவே இருக்க வேண்டும் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. காளி ரத்தினம் வேஷத்துக்கு நாங்கள் புத்தி சொல்லக் கிளம்பினால் சிரிப்பு செத்துவிடும். ஆனால் வெனிஸை வாணீபுரமாக்கியவரின் நாடகத்தை ஜொகூர்த் தோட்டத்துக்குக் கொண்டு வரும்போது, இந்த மண்ணில் நின்றவர்களையும் பார்க்க வேண்டாமா என்றேன். அவர் பதில் சொல்லவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை.

கடைசியில் இப்படி மாற்றினோம். வேலைக்காரன் எப்போதும் போலவேதான் சாக்கைப் போர்த்திக்கொண்டு போகிறான். அதில் கை வைக்கவில்லை. அறை விழுந்ததும் காமிரா அவனிடம் போகாமல் மரத்துக்குப் பின்னால் இருக்கும் எஜமான் முகத்துக்குப் போகிறது. அவன் ஓடிவிடலாமா என்று பார்க்கிறான். ஒரு கால் எடுத்து வைக்கிறான். நிற்கிறான். தகப்பனார், "யாருடா நீ, பேரைச் சொல்லு!" என்று மறுபடி கையை ஓங்குகிறார். எஜமான் வெளியே வந்து, "சபாபதி" என்கிறான். தகப்பனார், "அவன் பேரா உன் பேரா?" என்கிறார். "ரெண்டு பேர் பேரும்" என்கிறான். "அப்ப இந்தக் கடுதாசி?" "என்னுது." "அப்ப அந்த அறை?" அதற்கு அவன் சாக்கை நீக்கி, தன் கன்னத்தைக் காட்டுகிறான். அப்போதுதான் சாக்குக்குள் இருந்தவன் முதன்முதலாக வாயைத் திறந்து, "சாமி, இப்ப பேசலாங்களா?" என்கிறான். மேலே ஜன்னலில் அந்தப் பெண் இத்தனையும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் எஜமான் சபாபதியை விரும்பத் தொடங்குவது எங்கள் நாடகத்தில் அந்த இடத்தில்தான். கடிதத்தை அவள் படிக்கவே இல்லை.

மறுபடியும் மண்டபத்தில் போட்டோம். இந்த முறை நான் டிவியைப் பார்க்கவில்லை, பாட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அறை விழுந்தபோது அவர் முகம் இறுகியது. "இப்ப பேசலாங்களா?" என்று அவன் கேட்டபோது முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. பக்கத்தில் இருந்தவர் தோளில் ஓர் அடியும் விழுந்தது.

அந்தப் படத்தின் பிரதி ஒன்று பள்ளி நூலக அறையில் இருக்கிறது. வேண்டியவர்கள் என்னிடம் கேட்டு வாங்கிப் போகலாம். திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இந்த ஆண்டுத் திருவிழாவுக்கு என்ன நாடகம் என்று பையன்கள் இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார்கள். பாட்டியிடமும் கேட்டிருக்கிறேன். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாராம்.

இருபது நிமிடம் முடிந்துவிட்டது என்று தலைமையாசிரியர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பிள்ளைகள் பரிசுக்குக் காத்திருக்கிறார்கள்.